அறுந்த நரம்புக்கு வழி சொல்வது யார்?

கேள்வி: தம்பிக்குக் கண்ணாடி வெட்டி மணிக்கட்டில் மீடியன் நரம்பு அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்து தைத்திருக்கிறார்கள். "ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும், ஆறு மாதமாவது பொறுக்கணும்" என்கிறார் டாக்டர். போகவேண்டிய இடம் நரம்புக்கு எப்படித் தெரியும்? செல்கள் வெளியிடும் சிக்னல் புரதங்கள்தான் நரம்பிழையின் வளர்ச்சியைத் தீர்மானிக்கின்றன என்று படித்தேன். அப்படியானால் அந்தப் புரதத்தையே ஊசியாகப் போட்டால் சீக்கிரம் சரியாகாதா? முதுகுத் தண்டில் அடிபட்டால் மட்டும் ஏன் வளருவதில்லை?

பதில்:

ஊசி விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அறுந்த நரம்பைச் சீக்கிரம் வளரவைக்கும் என்று நிரூபணமான ஓர் ஊசி இன்றைய நிலையில் கிடையாது. யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ஏன் கிடையாது என்று புரிந்துகொண்டால் உங்களுடைய மற்ற இரண்டு கேள்விகளுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பேச்சுவழக்கில் புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிகிற ரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம், தசைநாரையும் நரம்பு என்கிறோம். உங்கள் தம்பிக்கு அறுந்தது இவை இரண்டும் இல்லை. தொடுகையை மூளைக்கும் மூளையின் ஆணையைத் தசைக்கும் கொண்டுபோகிற, பல ஆயிரம் இழைகள் சேர்ந்த ஒரு கட்டு அது. ஒவ்வோர் இழையும் ஒரு தனிச் செல் நீட்டியிருக்கும் கை. ஆள்காட்டி விரல் நுனியில் பட்ட சூட்டைச் சொல்லும் இழையின் செல் விரலில் இல்லை. கழுத்தெலும்பை ஒட்டிய ஒரு சிறு முடிச்சுக்குள் உட்கார்ந்திருக்கிறது. செல்லின் உடல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். அது நீட்டிய கையோ உங்கள் தம்பியின் கை நீளம் இருக்கும். மணிக்கட்டில் வெட்டுப்பட்டபோது அந்தச் செல் சாகவில்லை. அதன் கை நுனிதான் போயிற்று. கழுத்தோரம் இருக்கும் அந்தச் செல்தான் இப்போது புது நுனி முளைக்கவைத்து, விரல்வரை மறுபடி நீட்டியாக வேண்டும்.

அந்த நுனியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். படித்த காலத்தில் எட்டு நாள் அடைவைத்த கோழிமுட்டையை உடைத்து, கருவின் முதுகெலும்பு ஓரம் பாசிமணி கோத்ததுபோல் இருக்கும் நரம்பு முடிச்சுகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்போம். ஒன்று கடுகில் பாதி இருந்தால் அதிகம். லாமினின் என்ற ஒட்டும் புரதம் பூசிய கண்ணாடித் தட்டில் ஊட்ட நீர் விட்டு, அதில் முடிச்சைப் போட்டு, 37 டிகிரி பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போய்விடுவோம். மறுநாள் காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், குழந்தைகள் சூரியனுக்குக் கதிர் வரைவார்களே, அப்படி முடிச்சைச் சுற்றிலும் இழைகள் நீண்டிருக்கும். ஒவ்வோர் இழையின் நுனியிலும் விரித்த உள்ளங்கைபோல மெல்லிய சவ்வு. அதிலிருந்து விரல் விரலாக நீளும், துழாவும், மடங்கும், உள்ளே போய்விடும். அடுத்த நிமிடம் வேறு பக்கத்தில் வேறு விரல் முளைக்கும். கரண்ட் போன வீட்டில் சுவரைத் தடவி ஸ்விட்ச் தேடும் கை எப்படி இருக்குமோ அப்படி. இந்த நுனிக்கு வளர்கூம்பு என்று பெயர்.

அதே தட்டில் செமாஃபோரின் 3ஏ என்ற புரதத்தைச் சில துளி விட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டாற்சிணுங்கி இலைபோலக் கூம்பு சுருங்கி, இழை மொட்டையாக நிற்கும். செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. புரதத்தைக் கழுவி எடுத்துவிட்டால் கை மறுபடி விரிந்து நடக்கத் தொடங்கும். முதல்முறை இதைப் பார்த்த அன்று நான் சாப்பிடப் போகவில்லை. விஷத்தால் சுருங்குவது வேறு. ஒரு சேதி கேட்டு நிற்பது வேறு. இது சேதி.

சேதி கூம்புக்குள் எப்படிக் காரியமாகிறது? கூம்பின் மேற்சவ்வில் ஏற்பிகள் என்ற புரதங்கள் பதிந்திருக்கின்றன. ஒரு பாதி வெளியே, ஒரு பாதி உள்ளே. வெளியிலிருந்து வரும் புரதம் வெளிப்பாதியைப் பிடித்ததும் உள்பாதி நிலை மாறி, ரோ குடும்பத்தைச் சேர்ந்த சிறு புரதங்களை முடுக்கிவிடுகிறது. அவற்றில் முக்கியமானவை ரோ, ராக், சிடிசி-42. இவை சொல்கிறபடிதான் ஆக்டின் இழைகள் கட்டப்படுகின்றன, கலைக்கப்படுகின்றன. கூம்பின் விரல்களுக்குள் எலும்புபோல இருப்பது இந்த ஆக்டின். முனையில் புதிது சேர்ந்துகொண்டே இருக்கும். மொத்த இழையும் பின்னோக்கி வழுக்கிக்கொண்டே இருக்கும். செயின் கழன்ற சைக்கிளை மிதிப்பதுபோல, உள்ளே எவ்வளவு ஓட்டம் நடந்தாலும் கூம்பு நின்ற இடத்திலேயே நிற்கும். அடித்தளத்தில் இருக்கும் லாமினின் போன்ற ஒன்றை விரல் பிடித்துக்கொண்டால் செயின் மாட்டியதுபோல ஆகிவிடுகிறது: வழுக்கல் நிற்கிறது, முனை முன்னே நகர்கிறது, பின்னாலேயே மைக்ரோட்யூபூல் என்ற தடித்த குழல்கள் புகுந்து அந்த இடத்தை நிரந்தரமாக்குகின்றன. ராக்கும் சிடிசி-42வும் பொதுவாக முன்னே தள்ள உதவுபவை. ரோ கிளம்பினால் மயோசின் வேலை செய்து கூம்பைச் சுருக்கும். தசையைச் சுருக்கும் அதே மயோசின் குடும்பம்தான். இடப்பக்கம் ராக் அதிகம், வலப்பக்கம் ரோ அதிகம் என்றால் கூம்பு இடப்பக்கம் திரும்பும். நரம்பிழை "வழி தெரிந்து" போவதெல்லாம் கடைசியில் இந்த இடவல வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

வளர்கூம்பை முதலில் கண்டு சொன்னவர் ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால், 1890இல். அவர் பார்த்தது வெள்ளி உப்பால் சாயமேற்றிய செத்த திசுத் துண்டை. உறைந்துபோன அந்தப் படத்திலிருந்தே இது நகரும் உறுப்பு, ரசாயனம் ஏதோ இதை ஈர்க்கிறது என்று ஊகித்தார். பலர் நம்பவில்லை. 1907இல் அமெரிக்காவில் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவில் ஒரு துணுக்கை வெட்டி, தவளையின் நிணநீர்த் துளியில் வைத்து, அந்தத் துளியைக் கண்ணாடிச் சில்லின் அடியில் தொங்கவிட்டு, இழை வளர்வதை உயிரோடு பார்த்துக் காட்டினார். உடம்புக்கு வெளியே திசு வளர்க்கும் கலையே இந்தக் கேள்விக்காகப் பிறந்ததுதான் என்று சொல்லலாம்.

இனி உங்கள் புரதத்துக்கு வருகிறேன்.

இத்தாலியின் டூரின் நகரில் ரீட்டா லெவி-மொந்தால்சினி என்ற இளம் மருத்துவர். யூதர் என்பதால் 1938இல் வந்த இனச் சட்டம் அவரைப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற்றியது. அவர் படுக்கையறையிலேயே ஆய்வுக்கூடம் வைத்தார். கோழிமுட்டைதான் ஆய்வுப் பொருள். கருவில் கால் முளைக்கும் மொட்டை வெட்டிவிட்டால் அந்தக் காலுக்குப் போகவேண்டிய நரம்புச் செல்கள் என்னவாகின்றன என்பது கேள்வி. போருக்குப் பின் 1947இல் விக்டர் ஹாம்பர்கரின் அழைப்பில் செயின்ட் லூயிஸ் போனார். எலியின் ஒருவகைக் கட்டியைக் கோழிக்கருவில் வைத்தால் நரம்புகள் அதற்குள் வெள்ளமாகப் பாய்வதை அங்கே ஆராய்ந்தார். கட்டி ஏதோ ஒரு பொருளைக் கசியவிடுகிறது என்று உறுதிப்பட்டதும், திசு வளர்ப்பு வசதி இருந்த ரியோ டி ஜெனிரோவுக்கு அந்த எலிகளோடு விமானம் ஏறினார். கட்டித் துணுக்கின் பக்கத்தில் வைத்த நரம்பு முடிச்சைச் சுற்றி ஒரே இரவில் ஒளிவட்டம்போல இழைகள் முளைத்தன. நான் மேலே சொன்ன சூரியன் அதுதான். எங்கள் தட்டின் ஊட்ட நீரில் அவர் கண்டுபிடித்த பொருள்தான் கலந்திருந்தது. அது இல்லாத தட்டில் முடிச்சு மொட்டையாகவே கிடக்கும்.

அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க ஸ்டான்லி கோஹன் சேர்ந்தார். அது புரதமா, நியூக்ளிக் அமிலமா என்று பார்க்க, நியூக்ளிக் அமிலத்தை உடைக்கும் நொதிக்காகப் பாம்பு விஷத்தைக் கலந்தார்கள். வளர்ச்சி நிற்கவில்லை, பல மடங்கு கூடியது. விஷத்திலேயே அந்தப் பொருள் நிறைய இருந்தது. பாம்பின் விஷச் சுரப்பி உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சமம் என்பதால் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைத் தேடினார்கள். அங்கேயும் குவிந்து கிடந்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக என்.ஜி.எஃப். 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு.

இதோடு கதை முடிந்திருந்தால் உங்கள் ஊசி யோசனை சரிதான். ஆனால் 1977இல் ராபர்ட் கேம்பெனாட் ஒரு தட்டை மூன்று அறைகளாகத் தடுத்தார். நடு அறையில் செல்கள். தடுப்பின் அடியில் கிரீஸ். நீர் கலக்காது, இழை மட்டும் நுழைந்து பக்கத்து அறைக்குப் போகலாம். என்.ஜி.எஃப். இருந்த அறைக்குள்தான் இழைகள் நுழைந்தன. அப்படி நுழைந்த பிறகு அந்த அறையிலிருந்து மட்டும் என்.ஜி.எஃப்.ஐ எடுத்துவிட்டால், நடு அறையில் செல்லைச் சுற்றிலும் அது ததும்பினாலும், இந்த அறைக்குள் இருந்த இழைகள் பட்டுப்போயின. எங்கே கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். எவ்வளவு கிடைக்கிறது என்பது அதற்கு அடுத்ததுதான். நுனியில் உள்ள டிஆர்கே-ஏ என்ற ஏற்பி என்.ஜி.எஃப்.ஐப் பிடித்ததும் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு பையாக உள்ளே போய், இழை நெடுகப் பயணம் செய்து கழுத்தோரச் செல்லுக்குப் போய்ச் சேருகின்றன. "உன் கை இங்கே ஒரு நல்ல இடத்தைத் தொட்டுவிட்டது, செத்துப்போகாதே" என்ற சேதி அது. கருவில் தேவைக்கு மேல் நரம்புச் செல்கள் உண்டாகின்றன. தண்டுவட இயக்கச் செல்களில் ஏறக்குறைய பாதி, இப்படி ஒரு சேதி வராததால் மறைந்துபோகின்றன.

என்.ஜி.எஃப். பெரும்பாலும் வளர், வாழ் என்று சொல்லும் புரதம். எந்தப் பக்கம் திரும்பு என்று சொல்லும் புரதங்களின் கதை ஒரு புழுவிலிருந்து வந்தது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் புழுவில் சிட்னி பிரென்னர் மரபணு பழுதாகி நேராக நெளியத் தெரியாத திரிபுகளைச் சேகரித்து 1974இல் வெளியிட்டார். அவற்றில் அன்க்-5, அன்க்-6, அன்க்-40 என்ற மூன்று மரபணுக்கள் நரம்பிழை முதுகுப் பக்கமோ வயிற்றுப் பக்கமோ போவதைத் தீர்மானிக்கின்றன என்று 1990இல் தெரிந்தது. 1994இல் சான் பிரான்சிஸ்கோவில் மார்க் டெசியே-லவீன் குழு பல ஆயிரம் கோழிக்கரு மூளைகளை அரைத்து, நரம்பிழையை ஈர்க்கும் புரதத்தைப் பிரித்தது. அது புழுவின் அன்க்-6இன் உறவு. புழுவும் கோழியும் பிரிந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நரம்புக்கு வழி சொல்லும் சொல் மாறவில்லை. அதற்கு வைத்த பெயர் நெட்ரின். வழிநடத்துபவர் என்ற பொருளுள்ள வடமொழிச் சொல்லிலிருந்து எடுத்தது. நேதாஜி என்கிறோமே, அதே வேர்.

நெட்ரின் புழுவின் வயிற்றுப் பக்கம் உண்டாகிறது. அன்க்-40 ஏற்பி உள்ள இழை அதை நோக்கிப் போகிறது. அன்க்-5 ஏற்பி உள்ள இழை அதே நெட்ரினை விட்டு விலகி முதுகுப் பக்கம் ஓடுகிறது. புரதம் ஒன்றுதான். பள்ளிக்கூட மணியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் அடித்தால் பிள்ளைகள் உள்ளே ஓடுகிறார்கள், மாலையில் அடித்தால் வெளியே ஓடுகிறார்கள். மணியின் சத்தத்தில் உள்ளே என்றும் இல்லை, வெளியே என்றும் இல்லை. சிக்னல் புரதங்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்க வேண்டுமென்றால் இது நிற்கட்டும். நல்ல புரதம், கெட்ட புரதம் என்று பிரிப்பதிலிருந்துதான் தவறான மருந்து நம்பிக்கைகள் எல்லாம் தொடங்குகின்றன.

வலக்கையின் வலியும் சூடும் தண்டுவடத்தில் இடப்பக்கம் கடந்துதான் மூளைக்கு ஏறுகின்றன. இப்படிக் குறுக்கே போகும் இழைகள் கருவில் நடுக்கோட்டை ஒரே ஒரு முறை கடக்க வேண்டும். கடக்கும்வரை நடுக்கோடு ஈர்க்கிறது, கடந்த பின் அதே நடுக்கோடு திரும்பி வராதே என்று விரட்டுகிறது. பழ ஈயில் இது கெட்டுப்போன ஒரு திரிபில் இழைகள் நடுக்கோட்டில் திரும்பத் திரும்பச் சுற்றின. மைக்ராஸ்கோப்பில் போக்குவரத்து ரவுண்டானாபோல் தெரிந்ததால் அந்த மரபணுவுக்கு ரவுண்டபௌட், செல்லமாக ரோபோ, என்று பெயர் வைத்தார்கள். ரோபோ ஓர் ஏற்பி. நடுக்கோட்டிலிருந்து வரும் ஸ்லிட் என்ற விரட்டும் புரதத்தைக் கேட்கும் காது. ஈயில் இழை கடக்கும்வரை காம் என்ற இன்னொரு புரதம் அந்தக் காதை நுனிக்கு வரவிடாமல் உள்ளேயே பிடித்துவைக்கிறது. கடந்ததும் பிடி விடுகிறது, காது மேலே வருகிறது, விரட்டல் கேட்கத் தொடங்குகிறது.

மனிதர்களில் டி.சி.சி. என்ற நெட்ரின் ஏற்பியில் பிழை இருந்தால் கண்ணாடி அசைவு என்ற நிலை வரலாம் என்று 2010இல் தெரிந்தது. குழந்தை வலக்கையால் எழுதும்போது சும்மா வைத்திருக்கும் இடக்கையும் அதே அசைவைச் செய்யும். அடக்கச் சொன்னால் அடங்காது. ரோபோ-3 மரபணு இரண்டு பிரதியிலும் பழுதானால் கண்களைப் பக்கவாட்டில் திருப்ப முடியாது, முதுகெலும்பும் வளைந்துகொண்டே போகும். கரு சில வாரமாக இருந்தபோது சில இழைகள் ஒரு கோட்டைக் கடக்காததன் விளைவு ஆயுள் முழுக்க.

ஏற்பி மட்டும் கேட்கும் பொருளை மாற்றுவதில்லை. 1997இல் மூ-மிங் பூவின் குழு தவளை நரம்புச் செல்லின் கூம்பு அருகே நுண்குழாயால் நெட்ரினைச் சொட்டவிட்டது. கூம்பு அதை நோக்கித் திரும்பியது. பின் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறின் வேலையைத் தடுத்துவிட்டுச் சொட்டினார்கள். அதே செல், அதே நெட்ரின். இம்முறை கூம்பு விலகி ஓடியது. அடுத்த ஆண்டு அதுபோன்ற இன்னொரு சிறு மூலக்கூறான சைக்ளிக் ஜி.எம்.பி.யைக் கூட்டி, விரட்டும் செமாஃபோரினையே ஈர்க்க வைத்தார்கள். கூம்பின் அடியில் லாமினின் பட்டால்கூட நெட்ரினின் பொருள் மாறும். செல்லின் உள்நிலையைக் கேட்காமல் வெளியே என்ன புரதம் இருக்கிறது என்று மட்டும் பார்த்து நரம்பு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் படித்தபோது இருந்த பாடம் ஒன்று மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நடுக்கோட்டிலிருந்து நெட்ரின் வாசனைபோலப் பரவி, தூரத்திலிருந்து இழையைக் கூப்பிடுகிறது என்று படித்தோம். 2017இல் இரண்டு குழுக்கள் எலிக்கருவில் நடுக்கோட்டு நெட்ரினை மட்டும் நீக்கிப் பார்த்தன. பெரும்பாலான இழைகள் அப்போதும் சரியாகக் கடந்தன. வழிநெடுக இருக்கும் வேறு செல்கள் விட்டுச்சென்ற நெட்ரின், கால் பதிக்கும் தரையாக உதவியிருந்தது. தூரத்து அழைப்பும் தரையும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன என்பதுதான் இப்போதைய எண்ணம்.

ஊசிக்கு வருவோம். நீரிழிவால் நரம்பு கெட்டவர்களுக்கு என்.ஜி.எஃப்.ஐ ஊசியாகப் போட்டு 1990களில் பெரிய சோதனைகள் நடந்தன. கடைசிக் கட்டத்தில் பயன் நிரூபணமாகவில்லை. ஊசி போட்ட இடம் வலித்தது. வலித்ததில் ஆச்சரியமில்லை: வளர்ந்த உடம்பில் என்.ஜி.எஃப்.ஐக் கேட்பவை முக்கியமாக வலி, சூடு உணரும் மெல்லிய இழைகளும், வியர்வை போன்றவற்றைத் தாமாக நடத்தும் தன்னியக்க நரம்புகளும்தான், அவற்றை அது உசுப்பிவிடும். டிஆர்கே-ஏ பிறவியிலேயே பழுதானவர்களுக்கு வலியும் தெரியாது, வியர்வையும் வராது. உங்கள் தம்பியின் கட்டைவிரல் தசைக்குப் போகும் இழைகள் என்.ஜி.எஃப்.ஐக் கேட்பதே இல்லை, அவற்றுக்கு பி.டி.என்.எஃப்., ஜி.டி.என்.எஃப். என்று வேறு புரதங்கள். சரி, அதைப் போடலாமே என்றால், எலியின் நரம்புப் பாதையில் ஓரிடத்தில் ஜி.டி.என்.எஃப். ஓயாமல் சுரக்கும்படி செய்து பார்த்திருக்கிறார்கள். இழைகள் அந்த இடத்திலேயே சுருண்டு தங்கிவிட்டன, அடுத்த அடி எடுத்துவைக்கவில்லை. கூம்புக்குத் தேவை ஒரு சரிவு: பின்னால் குறைவு, முன்னால் அதிகம். உடம்பு முழுக்க ஊசியால் நிரப்பினால் சரிவே இருக்காது.

புரதம் எங்கே, யாருக்கு வேண்டுமோ அங்கே மட்டும் வைக்க முடிந்த ஓரிடம் கண்ணின் கருவிழி. அங்கே நரம்பு கெட்டு ஆறாத புண் வருபவர்களுக்கு என்.ஜி.எஃப். சொட்டு மருந்தை அமெரிக்காவில் 2018இல் அனுமதித்தார்கள். அந்த நோயாளிகளுக்காக உண்மையிலேயே மகிழ்ந்தேன். லெவி-மொந்தால்சினி 2012இல், 103 வயதில், காலமாகியிருந்தார்.

முதுகுத் தண்டு ஏன் வளருவதில்லை? கழுத்தோரச் செல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இழை சிறிது தூரம் போய் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை விரலுக்கு, இன்னொன்று தண்டுவடத்துக்குள். விரல் பக்கக் கிளை அறுந்தால் முளைக்கும். தண்டுவடத்துக்குள் அறுந்தால் முளைக்காது. ஒரே செல், ஒரே மரபணுக்கள். ஆகவே சுற்றுப்புறத்தில் ஏதோ இருக்க வேண்டும். மான்ட்ரியலில் ஆல்பர்ட் அகுவாயோவும் சாமுவேல் டேவிடும் எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்துத் தண்டுவடத்துக்குப் பாலம்போல் வைத்து 1981இல் காட்டினார்கள்: வளரவே வளராது என்று நினைத்த மைய நரம்பு (மூளை, தண்டுவட) இழைகள் அந்தப் பாலத்தில் சுமார் 3 சென்டிமீட்டர்வரை வளர்ந்தன. பாலம் முடிந்து தண்டுவடத்துக்குள் மறுபடி நுழையும் இடத்தில் நின்றுவிட்டன.

நிறுத்துவது யார் என்று தேடியதில் சூரிச்சின் மார்ட்டின் ஷ்வாபின் ஆய்வுகள் மையெலின் உறையைக் காட்டின. மூளை, தண்டுவட இழைகளைச் சுற்றியிருக்கும் அந்தக் கொழுப்பு உறையில் நோகோ என்று பெயரிட்ட புரதமும் வேறு சிலவும் வளர்கூம்பைச் சுருக்குகின்றன. காயத்தின் தழும்பில் சேரும் சர்க்கரை கோத்த புரதங்களும் அப்படியே. இவற்றில் பல கூம்புக்குள் போய்த் தட்டும் கதவு நாம் மேலே பார்த்த ரோதான். வளர்ந்த மூளையில் இழைகள் கண்டபடி முளைத்துப் படித்ததையும் பழகியதையும் கலைத்துவிடாமல் இருக்க இந்தப் பூட்டு உதவுகிறது என்று பலர் கருதுகிறோம்.

கேட்பவனின் நிலை இங்கேயும் கணக்கில் வருகிறது. கருவில் நரம்புச் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. அதிகம், மையெலின் அப்போது தடையாக இருப்பதில்லை. பிறந்தபின் அது குறைகிறது, மையெலின் தடையாகிறது. எலியின் கால் நரம்பை முன்பே ஒருமுறை காயப்படுத்திவிட்டால் செல் விழித்துக்கொண்டு, அதன் தண்டுவடக் கிளையும் கொஞ்சம் வளர முற்படுகிறது. கால் நரம்பைக் காயப்படுத்தாமல் சைக்ளிக் ஏ.எம்.பி.யை மட்டும் கூட்டினாலும் ஓரளவு அதே பலன் கிடைக்கிறது. பூட்டைத் திறப்பதும் செல்லை எழுப்புவதும் இழைக்குச் சரியான துணையைக் காட்டுவதும் ஒருசேர நடக்க வேண்டும். எலிகளில் இந்த மூன்றும் துண்டு துண்டாகக் கைகூடியிருக்கின்றன. தண்டுவடம் முறிந்து படுத்திருப்பவரை எழுப்பி நடக்கவைக்கும் நரம்பு வளர்ச்சி மருந்தாக அவை இன்னும் வந்து சேரவில்லை. அந்த வீடுகளில் காசு பறிக்கும் விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் தம்பியின் நிலை இதைவிட எவ்வளவோ மேல். கையில் இருப்பது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே ஓடும் வெளி நரம்பு. வெட்டுக்கு அப்பால் இருந்த பழைய இழைகள் முதல் சில நாட்களில் சிதைந்துபோகும். தவளை நாக்கு நரம்பில் இதை 1850இல் அகஸ்டஸ் வாலர் விவரித்தார். இழை போனாலும் அதைச் சுற்றியிருந்த குழல் போகாது. அந்தக் குழலுக்குள், வெளி நரம்பின் இழைகளைப் போர்த்திக் காக்கும் ஷ்வான் செல்கள் பெருகி, வரிசையாக நின்று, பழைய மையெலினைச் சுத்தம் செய்து, லாமினினைத் தரையில் விரித்து, என்.ஜி.எஃப்., பி.டி.என்.எஃப்., ஜி.டி.என்.எஃப். எல்லாவற்றையும் அளவாக, அந்தந்த இடத்தில் கசியவிடத் தொடங்கும். நீங்கள் கேட்ட ஊசியை உடம்பே, எந்த ஊசியாலும் முடியாத துல்லியத்தோடு, போட்டுக்கொண்டிருக்கிறது. மைக்ராஸ்கோப் வைத்துச் சர்ஜன் தைத்தது இந்தக் குழல்கள் நேருக்கு நேர் பொருந்துவதற்காகத்தான்.

நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் மணிக்குச் சுமார் 40 மைக்ரான், தலைமுடிப் பருமனில் ஏறக்குறைய பாதி. தட்டில் நான் பார்த்த கூம்புகளும் அந்த வேகத்துக்குப் பக்கத்தில்தான் நடந்தன. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை 16, 17 சென்டிமீட்டர். வெட்டைத் தாண்ட முதல் சில வாரங்கள் போகும். ஆறு மாதம் என்று டாக்டர் சொன்ன கணக்கு அதுதான்.

சில இழைகள் பக்கத்துக் குழலுக்குள் தவறி நுழையும். கருவில் இருந்த அத்தனை வழிகாட்டிகளும் இப்போது இல்லை. குழல் எங்கே போகிறதோ அங்கே போய்ச் சேரும். அதனால் ஆள்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலில் தொட்டதுபோல் தோன்றலாம். கண்ணை மூடிப் பொருளைத் தடவிக் கண்டுபிடிக்கும் பயிற்சியை ஃபிசியோதெரபிஸ்ட் கொடுத்தால் விளையாட்டு என்று விட்டுவிடாமல் தினமும் செய்யச் சொல்லுங்கள். அங்கே கற்றுக்கொள்வது மூளை. மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, சுடுகாபி டம்ளரை அந்தக் கையால் எடுக்க விடாதீர்கள்.

வளர்கிறதா என்று பார்க்க ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். 1915இல், முதல் உலகப் போரில், ஜெர்மனியில் பால் ஹோஃப்மனும் பிரான்ஸில் ஜூல் தினெலும், எதிரெதிர்ப் பக்கத்தில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஒரே ஆண்டில் ஒரே விஷயத்தை எழுதினார்கள். நரம்பின் பாதையில் விரலால் லேசாகத் தட்டிக்கொண்டே வந்தால், புது நுனிகள் இருக்கும் இடத்தில் தட்டும்போது விரல்களுக்குள் எறும்பு ஊர்வதுபோல், லேசாக ஷாக் அடிப்பதுபோல் இருக்கும். அந்தத் துழாவும் கைகள் அந்த நிமிடம் அங்கேதான் இருக்கின்றன. அடுத்த முறை போகும்போது டாக்டரையோ ஃபிசியோவையோ தட்டிப் பார்க்கச் சொல்லி, தையலிலிருந்து அந்தப் புள்ளி எத்தனை சென்டிமீட்டர் என்று தேதியோடு குறித்துவையுங்கள். மாதாமாதம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் விரல் பக்கமாகத் தள்ளிப் போனால் பொறுமையாக இருங்கள். தையல் போட்ட இடத்திலேயே மாதக்கணக்கில் நின்றால் மட்டும் காத்திருக்காமல் சர்ஜனிடம் அந்தக் குறிப்பைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.